படியெடுத்தலும் பார்க்கக் கற்றலும்

நுழையும்முன்

பிறர் தீட்டிய ஓவியத்தைப் பார்த்துத் தீட்டுவது களவா, கல்வியா? புகழ்பெற்ற தெருக்காட்சி ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் படியெடுக்கும் பயிற்சி இவ்வினாவுக்கு விடை தருகிறது.

பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகம் 1793ஆம் ஆண்டு மக்களுக்காகத் திறக்கப்பட்டது. அது காட்சிக்கூடமாக மட்டுமன்றி, ஓவியம் பயில்வோரின் வகுப்பறையாகவும் விளங்கிவருகிறது. எட்கர் தெகா, பால் செசான் ஆகியோர் அங்கு முன்னோர் படைப்புகளைப் படியெடுத்துப் பயின்றனர். பின்னாளில் இருவரும் தமக்கெனத் தனிப்பாணி கண்டனர். படியெடுத்தல் அவர்களின் புதுமைக்குத் தடையாகவில்லை, அடித்தளமாகவே அமைந்தது.

மழைநாள் தெரு

குஸ்தாவ் கைபோத் 1877ஆம் ஆண்டு தீட்டிய ‘பாரிசுத் தெரு; மழைநாள்’ இப்பயிற்சிக்கு ஏற்றதோர் ஓவியம். இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமும் ஏறத்தாழ 2.76 மீட்டர் அகலமும் உடைய இது, இன்று சிகாகோ கலைக்கழகத்தில் உள்ளது. வலப்புறம் ஆணும் பெண்ணும் ஒரே குடையின்கீழ் நடந்து வருகின்றனர். நடுவில் பச்சை விளக்குக் கம்பம் நிற்கிறது. இடப்புறம் ஈரம் மின்னும் கல்பாவிய தெரு விரிகிறது. மழைத்தாரைகள் தீட்டப்படவில்லை. விரிந்த குடைகளும் தரையின் பளபளப்புமே மழையை உணர்த்துகின்றன.

கோடும் மாந்தரும்

மூலத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் கித்தான் ஏறத்தாழ 53 செ.மீ. உயரமும் 69 செ.மீ. அகலமும் கொண்டதாக அமையும். மூலத்தின் அச்சுப்படியிலும் கித்தானிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் இட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடுகளை மாற்ற வேண்டும். முதலில் கண்மட்டக் கோட்டைக் குறித்தல் இன்றியமையாதது. கட்டடங்களின் கிடைவரிசைகள் தொலைவு செல்லச் செல்ல அக்கோட்டை நோக்கியே சரிகின்றன. சமதளத்தில் நிற்கும் ஒத்த உயரமுடைய மாந்தர் அனைவரையும் அக்கோடு ஒரே இடத்தில் வெட்டும். அருகில் நிற்பவரின் கழுத்தை வெட்டினால் தொலைவில் நிற்பவரின் கழுத்தையும் வெட்டும். இதை மறந்தால், தொலைவிலுள்ளோர் அந்தரத்தில் மிதப்பர்; அல்லது தரையில் புதைவர்.

வண்ண அடுக்குகள்

நீர்வண்ணம் நீர் ஆவியாவதால் உலர்கிறது. எண்ணெய் வண்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. எனவே, கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்கில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறினால், மேலடுக்கு முந்தி இறுக, கீழடுக்கு பின்னர் அசைய, ஓவியம் வெடிப்புறும்.

முதலடுக்கில் பழுப்பு வண்ணத்தை டர்பென்டைனில் கரைத்து, ஒளியையும் நிழலையும் மட்டும் பிரிக்க வேண்டும். அதன்மேல் வானம், கட்டடம், தெரு, மாந்தர் என்ற வரிசையில் வண்ணம் ஏறும். தெருக்கல் சாம்பல் நிறம் என்னும் முன்முடிவோடு தீட்டுபவரின் தெரு வறண்டுவிடும். உற்றுநோக்குபவருக்கோ அந்த ஈரக்கற்களில் மஞ்சளும் நீலமும் ஊதாவும் புலப்படும். அறிந்ததைத் தீட்டாமல் கண்டதைத் தீட்டுவதே இப்பயிற்சியின் உயிர்.

எனினும், காண்பது அனைத்தும் ஓவியர் தீட்டியதன்று. இவ்வோவியத்தின்மேல் மஞ்சளேறியிருந்த பழைய மெருகுப்பூச்சு அகற்றப்பட்டபோது, வானம் முன்னினும் வெளிச்சமாகத் தோன்றியது. ஓவியரின் நிறம் எது, காலம் ஏற்றிய நிறம் எது எனப் பகுத்தறிதலும் படியெடுப்பவரின் கடமையாகும்.

கல்வியும் களவும்

லூவரில் எடுக்கப்படும் படி, மூலத்தின் அளவில் இருத்தல் கூடாது என்பது விதி. படியை மூலமெனக் காட்டி ஏமாற்றுவதை இது தடுக்கிறது. மூல ஓவியரின் பெயரை மறைத்தால் படியெடுத்தல் களவு. அப்பெயரைப் படியின் பின்புறம் எழுதி, தாம் கற்றதை அடுத்த கித்தானில் தம் தெருவுக்குப் பயன்படுத்தினால் அது கல்வி. கைபோத்தின் தெருவைத் தீட்டி முடித்தவர், மழை ஓய்ந்த தம் ஊர்த் தெருவையும் புதிய கண்ணோடு காண்பார்.