தலைவர் வரும்வரை பாடியவர்

பொதுக்கூட்டம் ஒன்றின் செய்தியை மறுநாள் நாளேட்டில் படிப்பவர்க்குத் தலைவர் என்ன பேசினார் என்பது கிடைக்கும். யார் தலைமை வகித்தார், யார் நன்றி கூறினார் என்பதுகூடக் கிடைக்கும். தலைவரின் கார் வந்து சேரும்வரை, இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ, கூட்டத்தைக் கலையவிடாமல் பிடித்து வைத்திருந்த பாடகர் யார், அவர் என்ன பாடினார் என்பது மட்டும் கிடைக்காது. கார் வந்ததும் பாட்டு பாதியில் நின்றுவிடும். ஆர்மோனியத்தை ஓரமாக நகர்த்தி வைப்பார்கள். தமிழக அரசியல் மேடையின் பேச்சுகள் தொகுதி தொகுதியாக நூல்களாயின. பாட்டுகளோ பெரும்பாலும் காற்றோடு போயின. அவ்வாறு போனவற்றுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவை பாவலர் வரதராஜனின் பாடல்கள்.

இன்றைய தலைமுறையிடம் அவர் பெயரைச் சொன்னால், 'இளையராஜாவின் அண்ணன்தானே?' என்ற கேள்வி உடனே வரும். ஆம், அவர்தான். தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தைச் சேர்ந்தவர். பொதுவுடைமை இயக்கத்தின் மேடைப் பாடகர். பாவலர் சகோதரர்கள் என்று பெயர் பெற்ற இசைக்குழுவின் தலைவர். பாஸ்கர், இராசையா, அமர்சிங் என்ற தம்பிமார் மூவரும் அந்தக் குழுவில் வளர்ந்தவர்கள். இராசையா பின்னாளில் இளையராஜா ஆனார். அமர்சிங், கங்கை அமரன் ஆனார். தமிழ்நாட்டின் ஊர் ஊராகச் சென்று, கிடைத்த மேடையில், கிடைத்த ஒலிபெருக்கியில் பாடிய அந்த அலைச்சல்தான் தமது முதல் இசைக்கல்லூரி என்ற பொருளில் தம்பிமார் பலமுறை பேசியிருக்கின்றனர். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்து நாடே தம்பியின் இசையைக் கேட்டபோது, அதைக் கேட்க அண்ணன் உயிரோடு இல்லை.

ஆனால், ஒரு மேதையின் அண்ணன் என்பதற்காக அவரை நினைப்பது, ஆற்றைப் பாலத்தின் பெயரால் அடையாளம் சொல்வது போன்றது. அவர் செய்தது என்ன என்பதற்கு 1958ஆம் ஆண்டின் தேவிகுளம் இடைத்தேர்தல் நல்ல சான்று.

1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சி அமைத்தபோது, 126 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் அக்கட்சிக்கு 60 இடங்களே இருந்தன. ஐந்து சுயேச்சைகளின் ஆதரவில்தான் அரசு நின்றது. இந்நிலையில், தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, 1958இல் மறுபடியும் வாக்கெடுப்பு வந்தது. ஓரிடம் போனாலும் ஆட்சி ஆட்டம் காணும் நிலை. அத்தொகுதியின் வாக்காளரில் பெரும்பகுதியினர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், தமிழர்கள். மலையாளத்தில் பேசும் தலைவர்களின் சொற்பொழிவு அவர்களிடம் எவ்வளவு தூரம் செல்லும்? அங்கேதான் மலையின் இந்தப் பக்கத்திலிருந்து சென்ற பாடகரின் தேவை எழுந்தது. வரதராஜன் தோட்டம் தோட்டமாகச் சென்று பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார். வெற்றி விழாவில், இவ்வெற்றி பாவலருக்கே உரியது என்று இ.எம்.எஸ். கூறினார் என்பது இளையராஜா வழியாக நமக்குக் கிடைக்கும் செய்தி. அரசியல் தலைவர் ஒருவர் மேடைப் பாடகருக்கு அளித்த பாராட்டுகளில் இதற்கு இணையான ஒன்றைக் காண்பது அரிது.

அப்பாடல்களின் பொறி எப்படி வேலை செய்தது? பெரும்பாலும் அப்போது ஊரெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த திரைப்பாடலின் மெட்டை எடுத்துக்கொள்வது. காதல் சொற்கள் இருந்த இடத்தில் விலைவாசியையும் கூலியையும் அமைச்சரின் வாக்குறுதியையும் வைப்பது. கேட்பவர் மெட்டைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. அவர் மனத்தில் பழைய சொற்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே காதில் புதிய சொற்கள் விழுகின்றன. கதாநாயகி வரவேண்டிய இடத்தில் ரேஷன் கடை வந்து நிற்கிறது. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. பணவீக்கத்தை வகுப்பறையில் விளக்க நான் கரும்பலகை நிறையக் கோடு வரைய வேண்டியிருந்தது. அரிசி விலை ஏறிய வேகத்தையும் கூலி ஏறாத வேகத்தையும் நான்கே அடியில், எழுத்தறியாதவருக்கும் புரியும்படி, மேடைப் பாடகர் சொல்லிவிடுவார். அதைக் கேட்டவர் வீடு சென்று மனைவி மக்களிடம் பாடியும் காட்டுவார்.

இந்த உத்தி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் நாடோடித் தொழிலாளியாக வாழ்ந்த ஜோ ஹில், தெருமுனையில் மதப்பிரசாரக் குழுவினர் பாடிய துதிப்பாடல்களின் மெட்டையே எடுத்து, அவர்களையே கேலி செய்யும் தொழிலாளர் பாட்டுகளைக் கட்டினார். துண்டறிக்கையை ஒருவர் ஒருமுறைக்கு மேல் படிப்பதில்லை, பாட்டோ மனப்பாடமாகித் திரும்பத் திரும்ப ஒலிக்கும் என்பது அவர் கருத்து. கொலைக்குற்றம் சாட்டப்பட்டு 1915 நவம்பரில் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பாட்டுகள் மட்டும் இன்றும் கிடைக்கின்றன. காரணம் எளியது: அவர் சார்ந்திருந்த தொழிற்சங்கம் 1909 முதல் சட்டைப்பைக்குள் அடங்கும் சிவப்புப் பாட்டுப் புத்தகத்தைத் தொடர்ந்து பதிப்பித்துவந்தது.

நம்மிடமும் பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. விடுதலைப் போராட்டக் காலத்தில் வர்ணமெட்டு இன்னது என்று தலைப்பில் குறித்து அச்சிட்ட மலிவு நூல்கள் திருவிழாக் கூட்டத்தில் விற்றன. அந்த மரபின் பெரும் கலைஞர் எஸ்.எஸ். விசுவநாத தாஸ். வெள்ளைக்காரரை வெள்ளைக் கொக்காக உருவகித்து நாடக மேடையில் பாடியவர். எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். கதைக்கும் கொக்குக்கும் தொடர்பே இராது. வள்ளித் திருமணமாக இருந்தாலும் கொக்குப் பாட்டு வந்தாக வேண்டும் என்று அவையோர் கேட்பார்களாம். அதற்காகவே பலமுறை சிறை சென்றார். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு இணைந்து நடிக்க மறுத்தவர்களும் இருந்தனர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருக வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. இவற்றையெல்லாம் நாம் இன்று அறிவதற்குக் காரணம், தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் ஆவணக் காப்பகங்களில் தேடியதுதான். ஆங்கில அரசு பாட்டைக் கண்டு அஞ்சியது. அஞ்சியதால் தடை செய்தது. தடை செய்ததால் கோப்பில் வைத்தது. கோப்பில் இருந்ததால் வரலாற்றுக்குக் கிடைத்தது. பாவலர் வரதராஜனின் காலத்து மேடைப் பாடகர்களுக்கு இந்த விபரீத நன்மைகூட அவ்வளவாக வாய்க்கவில்லை.

பாட்டு ஏன் தொலைகிறது என்பதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊரிலிருந்தே ஓர் ஒப்புமை தருகிறேன். பச்சைமலை அடிவாரத்தில் உள்ள அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே மரக்கட்டையில் குடைந்தெடுக்கும் சிற்பம் கையில் இருக்கிறது; அதற்கு விலை உண்டு; விலை இருப்பதால் உரிமை கோர ஆளும் உண்டு. பகடிப் பாட்டுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. மெட்டு இன்னொருவருடையது. இசைத்தட்டு நிறுவனம் அதைப் பதிவு செய்ய முன்வராது. முன்வந்தாலும் மெட்டுக்கு உரியவர் கேள்வி கேட்பார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பகடிக்கென்று தனி விலக்கு எதையும் பெயர் சொல்லித் தரவில்லை. விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாடு என்ற பொதுவான வாசலில்தான் அது நுழைய வேண்டும். பாடகருக்கோ பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் கிடைத்தால் பெரிது. யாருக்கும் சொந்தமில்லாததைப் பாதுகாக்க யாருக்கும் ஊக்கம் இராது என்பது பொருளியலின் பழைய பாடம். தம் பாடல்களின் உரிமைக்காக நீதிமன்றம் வரை சென்ற தம்பி ஒருபுறம். இரவல் மெட்டில் ஊருக்கெல்லாம் பாட்டை வாரிக் கொடுத்துவிட்டுப் போன அண்ணன் மறுபுறம். ஒரே வீட்டில் இசையின் இரண்டு பொருளாதாரங்கள்!

அறிவுலகமும் அவர்களைக் கைவிட்டது. திரை மெட்டு என்பதால் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஏற்கவில்லை. கட்சிப் பாட்டு என்பதால் இலக்கியத் திறனாய்வாளர் தீண்டவில்லை. சொல்தான் உயிர் என்பதால் இசை அறிஞர் பொருட்படுத்தவில்லை. கட்சிகளோ பாட்டைப் பேச்சுக்கு முன்னாலான இடைவேளை நிரப்பியாகக் கருதின. 1964இல் பொதுவுடைமை இயக்கம் பிளந்தபோது மேடைகளும் பிளந்தன. கலைஞர்களின் நினைவைக் காப்பது எந்தப் பிரிவின் பொறுப்பு என்ற கேள்விக்கு விடையே இல்லாமல் போயிற்று. எல்லாப் பகடிப் பாட்டும் நல்ல பாட்டு என்று நான் வாதிட வரவில்லை. வெறும் முழக்கத்தைச் சந்தத்தில் அடைத்தவை உண்டு. பெண்களை இழிவு செய்து கைதட்டல் வாங்கியவையும் உண்டு. ஆயினும் தரம் பிரிப்பதற்காவது பாட்டுகள் கையில் இருக்க வேண்டுமல்லவா?

மரபு அறுந்துவிடவில்லை என்பதற்கு எங்கள் பக்கத்து மாவட்டமே சாட்சி. மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன், அரசு மதுக்கடைகளை மூடக் கோரிய பாட்டுகளுக்காக 2015 அக்டோபர் 30 அன்று திருச்சியில் கைது செய்யப்பட்டார். தேச துரோகப் பிரிவும் அவர்மேல் சுமத்தப்பட்டது. வன்முறையைத் தூண்டாத வெறும் கண்டனம் அப்பிரிவுக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் கேதார்நாத் சிங் வழக்கில் 1962இலேயே கூறியிருந்தது. அன்று மதுவால் அரசு ஈட்டிய ஆண்டு வருவாய் 20,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. நிதிநிலை அறிக்கையில் எண்ணாக இருந்த ஒன்றை, பறையோடு சேர்ந்த ஒரு பாட்டு எல்லோருக்கும் தெரிந்த கேள்வியாக்கிவிட்டது. கைதுக்குப் பிறகுதான் அப்பாட்டு கைப்பேசிதோறும் சென்றது. அவர் பாடியவை ஒலியும் ஒளியுமாகப் பதிவாகியுள்ளன. பாவலருக்கு இல்லாத வாய்ப்பு அது.

பாவலரின் பாட்டுகள் சில அச்சில் வந்துள்ளன. அச்சில் சொல் இருக்கிறது. எந்த இடத்தில் குரலை இழுத்தார், எந்தச் சொல்லுக்கு முன் நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்தார் என்பது இல்லை. பகடியில் பாதி அங்கேதான் இருக்கிறது. அது இப்போது மிஞ்சியிருக்குமிடம் எழுபத்தைந்து வயதைக் கடந்த கேட்பாளர்களின் நினைவு மட்டுமே. அரும்பாவூர், வேப்பந்தட்டைப் பக்கத்தில் அந்த வயதுடையவர்களோடு தேநீர்க் கடையில் அமர்ந்தால், அறுபதுகளின் திரைப்பாடல் ஒன்று வானொலியில் வரும்போது யாராவது ஒருவர் வேறு சொற்களைப் போட்டு முணுமுணுப்பதைக் கேட்கலாம். யார் கட்டியது என்று கேட்டால், 'கூட்டத்துல பாடுனாங்க' என்பார், பெயர் தெரியாது. அடுத்த அடி என்னவென்று கேட்டால் சற்று யோசித்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். அவர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார்.

இதைச் சேகரிக்கப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. கொட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்து வைத்த பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீசுகளும்தான் இன்று சென்னையில் அவர் பெயரால் 1994 முதல் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். கல்லூரித் தமிழ்த்துறைகள் ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கள ஆய்வு என்று ஒன்றை வைத்திருக்கின்றன. பெரும்பாலும் தாலாட்டும் ஒப்பாரியும் மீண்டும் மீண்டும் சேர்கின்றன. அந்தக் கேள்வித்தாளில், 'உங்கள் ஊர்க் கூட்டத்தில் தலைவர் வருமுன் என்ன பாடினார்கள், அதன் மெட்டு எது?' என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும். மாணவர் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.