இழுக்கத் தெரிந்தது, நிற்கத் தெரியவில்லை!

போன மாசம் ஏரிக்கரை இறக்கத்தில் என் சைக்கிள் பிரேக் பிடிக்காமல் முள்வேலியில் போய் விழுந்தேன். அதிலிருந்து எந்த வண்டியானாலும் முதலில் பிரேக்கைத்தான் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் காரைப் பத்தி எழுதணும்னு தோன்றியது. இதன் பெயர் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ.

1960-களில் அமெரிக்கக் கார் கம்பெனிகள் யாருடைய எஞ்சின் பெரிசு, யாருடைய கார் வேகம் என்று போட்டி போட்டன. அந்த வேகக் கார்களை 'மஸில் கார்' என்பார்கள். அந்தப் பலமும் வேணும், சொகுசும் வேணும் என்பவர்களுக்காக 1966 மாடலாக வந்ததுதான் டொரனாடோ. கதவு இரண்டே இரண்டு. எடை சுமார் 2 டன். எஞ்சின் 7 லிட்டர், 385 குதிரைத்திறன். மாருதி 800 காரின் எஞ்சின் 796 சி.சி. தான், அதைப்போல ஒன்பது எஞ்சின் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! முன் விளக்குகள்கூட பகலில் மூடியே இருக்கும், போட்டால்தான் கண் திறக்கும்.

ஆனால் அதிசயம் வேறு. அம்பாசடர் காரில் எஞ்சின் முன்னால் இருக்கிறது, சுற்றுவதோ பின்சக்கரம். நடுவில் ஒரு நீளத் தண்டு ஓடும். அக்கால அமெரிக்கக் கார்களும் அப்படித்தான். டொரனாடோவில் முன்சக்கரமே இழுக்கும், மாடு வண்டியை இழுப்பதுபோல. அமெரிக்காவில் 1937-இல் கார்டு என்ற கார் நின்றுபோன பிறகு இப்படி ஒன்று வரவே இல்லை.

இவ்வளவு பெரிய எஞ்சினையும் கியர் பெட்டியையும் முன்னாலேயே எப்படி அடைப்பது? இரண்டையும் நீளவாக்கில் வைத்தால் இடம் போதாது. அதனால் துணியை மடிப்பதுபோல மடித்துவிட்டார்கள். கியர் பெட்டியைத் திருப்பி எஞ்சினுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, இரண்டையும் அகலமான ஒரு செயினால் இணைத்தார்கள். நம்ம சைக்கிள் செயின் நாளாக நாளாகத் தொய்ந்து கழன்று விடும் இல்லையா? இதை மெஷினில் முன்கூட்டியே இழுத்துத்தான் மாட்டினார்கள். அதனால் இறுக்குகிற வேலையே இல்லை. பின்னால் தண்டு போகாததால் காருக்குள் தரை மேடில்லாமல் சமமாக இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த மடிப்புதான்.

இப்போ என் கோபத்துக்கு வருகிறேன். இவ்வளவு யோசித்தவர்கள் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான் வைத்தார்கள். டிரம் என்பது மூடிய சட்டி மாதிரி. உள்ளே கட்டைகள் உரசி வண்டியை நிறுத்தும். உரசினால் சூடு, மூடியிருப்பதால் அந்தச் சூடு சீக்கிரம் வெளியே போகாது. சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும். பிரேக் போட்டால் எந்த வண்டியின் பாரமும் முன்பக்கம் சாயும். இந்தக் காரிலோ எஞ்சின், கியர் எல்லாம் ஏற்கெனவே முன்னால். பாவம், முன் பிரேக் என்ன செய்யும்? வேகமாக ஓட்டி அடுத்தடுத்து பிரேக் போட்டால் நிற்கத் தடுமாறும்.

1967-இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. டிஸ்க் திறந்த தட்டு, காற்று பட்டு ஆறிவிடும். ஆனால் கேட்பவர்களுக்கு மட்டும், தனிக் காசுக்கு! காசு கொடுக்காதவர் மட்டும் நிற்க வேண்டாமா?

1971 மாடலில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பின் கண்ணாடிக்குக் கீழே, உயரத்தில், இரண்டு பிரேக் விளக்கு கூடுதலாக வைத்தார்கள். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களிலும் உயரத்தில் ஒரு பிரேக் விளக்கு கட்டாயம் என்ற சட்டம் 1986 மாடல்களிலிருந்துதான் வந்தது.

செயின் மடிப்பு புரியாதவர்கள் மதியம் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வாங்க, மண்ணில் வரைந்து காட்டுகிறேன்.