பால் பல்லில் கறையா? செங்கல் பொடி வேண்டாம்! ஓசூர், கிருஷ்ணகிரி பெற்றோர் கவனத்துக்கு...

ஓசூர்:

"பால் பல்லுதானே, விழுந்துட்டு வேற முளைக்கும், விடு!" குழந்தையின் பல்லில் மஞ்சளோ, பழுப்போ தெரிந்தால் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பாட்டி முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை சொல்வது இதுதான். கூடவே, "எல்லாம் இந்த போர் தண்ணிதான்" என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

தண்ணீர் மீது பழி விழுவதில் நியாயம் இருக்கிறது. 2004-ல் தர்மபுரியில் இருந்து பிரிந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். இரண்டு மாவட்டங்களுமே பாறை பூமி. அந்தப் பாறையில் உள்ள புளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய தர அளவு. இதைத் தாண்டிய கிணறுகளும் போர்களும் இங்கே ஏராளம். இதற்காகவே ஜப்பான் நிதி உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் கொண்டு வரப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. 2008-ல் கர்நாடகத்தில் இதற்கு எழுந்த எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும்.

பாட்டிலா, தண்ணீரா?

ஆனால் ஒரு விஷயம். பால் பல்லின் எனாமல் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கி, பிறந்து ஏறக்குறைய ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதனால் புளோரைடு கறை பால் பற்களில் குறைவாகத்தான் தெரியும். தண்ணீரில் புளோரைடு மிக அதிகமாக உள்ள ஊர்களில் பின்பக்க கடைவாய்ப் பற்களில் வரலாம்.

அப்படியானால் 2 வயதுக் குழந்தையின் மேல் முன்பல் ஈறு ஓரமாக வெள்ளைக் கோடு விழுந்து, பிறகு பழுப்பாகி உதிர்கிறதே, அது என்ன? பெரும்பாலும் சொத்தைதான். ராத்திரி முழுக்க வாயில் பால் பாட்டிலோடு தூங்க வைப்பதன் விளைவு. ஷிப்டு வேலைக்குப் போகும் அம்மா வேறு என்ன செய்வார் என்று கேட்கலாம். பாட்டிலைக் கொடுங்கள், தூங்கியதும் எடுத்துவிட்டு, ஈரத் துணியால் பல்லைத் துடைத்து விடுங்கள். சர்க்கரை மட்டும் வேண்டாம்.

இரும்புச் சத்து சொட்டு மருந்தால் வரும் கறுப்பு, மேலோட்டமான கறை. பல் டாக்டர் பாலீஷ் போட்டால் போய்விடும். ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமானால் கீழே விழுந்து அடிபட்டதாக இருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு எனாமலே குழிகுழியாக அமைவதும் உண்டு.

செங்கல் பொடி, அடுப்புக் கரி, சாம்பல் போட்டுத் தேய்க்கும் பழக்கம் கிராமங்களில் இன்னும் போகவில்லை. கறை போகாது, எனாமல்தான் தேயும். பால் பல்லில் எனாமல் மெல்லியது.

சிகிச்சை என்ன?

ஆரம்ப வெள்ளைக் கோட்டுக்கு புளோரைடு வார்னிஷ் தடவினாலே போதும். குழி விழுந்தால் பல் நிறத்தில் சிமென்ட் வைத்து அடைப்பார்கள். கடைவாய்ப் பல் ரொம்ப கெட்டிருந்தால் ஸ்டீல் கேப். வாயைத் திறக்கவே அடம்பிடிக்கும் வாண்டுகளுக்கு வெள்ளி கலந்த ஒரு மருந்தைத் தடவி, டிரில் இல்லாமலே பெரும்பாலான சொத்தையை நிறுத்தலாம். ஆனால் சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். இதை முதலிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பதற வேண்டாம். பெரியவர்களுக்குச் செய்யும் பிளீச்சிங் பால் பல்லுக்குத் தேவையில்லை.

"விழப்போற பல்லுக்கு இவ்வளவு செலவா?" கடைவாய்ப் பால் பல் 10, 12 வயது வரை இருக்க வேண்டியது. முன்னதாகப் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வரும் பல்லுக்கு இடம் இல்லாமல் போகும்.

கண்ணுக்குத் தெரியாத பல்

உண்மையான கவலை இங்கேதான். குழந்தை வெள்ளைப் பால் பல்லோடு சிரிக்கும்போதே, ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும். முன்பற்களுக்கு முதல் 3, 4 வருடங்கள் முக்கியம். அப்போது குடிக்கும் தண்ணீரின் கணக்கு 7 வயதில் முளைக்கும் பல்லில் சுண்ணாம்புக் கோடாகவோ, பழுப்புத் திட்டாகவோ தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது இதன் அடையாளம். பிறகு தேய்த்து எடுக்கவும், மறைக்கவும் சிகிச்சை உண்டு. ஆனால் எனாமலுக்குள் ஏறிய குறையை முழுதாக நீக்க முடியாது.

தண்ணீரைக் காய்ச்சினால் புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் பில்டரும் பிடிக்காது. ஆர்.ஓ. மெஷின் பெரும்பகுதியைப் பிரித்துவிடும். சிப்காட் பக்கம் வாடகைக்குக் குடிவரும் குடும்பங்கள், குழாயில் வருவது காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேட்பது நல்லது. பால் பவுடர் கரைக்கும் தண்ணீருக்கும் இதுதான் கணக்கு.

பேஸ்ட் 3 வயது வரை அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்ப வையுங்கள். போர் தண்ணீர்தான் என்றால் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து புளோரைடு அளவைப் பார்த்துவிடலாம்.