பள்ளிப் பட்டறையில் பிறந்த போர்விமானங்கள்

1941 டிசம்பர் 7. பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பான் குண்டு வீசிய அன்றிரவு, எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த வைல்ட்கேட் போர்விமானங்கள் அங்கே தரையிறங்க வந்தன. பதற்றத்தில் இருந்த அமெரிக்கப் பீரங்கிகள் அவற்றையே சுட்டன. மூன்று விமானிகள் மாண்டார்கள்.

வானில் வருவது நண்பனா பகைவனா என்று நொடிகளில் அறியும் கண் சிப்பாய்களுக்குத் தேவைப்பட்டது. 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை, இந்தப் பயிற்சிக்காக நாட்டின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரி விமானங்கள் கேட்டது. 50 வகை, வகைக்கு 10,000. தச்சுப் பட்டறை உள்ள பள்ளிகளுக்கு வரைபடங்கள் போயின. மாணவர்கள் மரத்தைச் செதுக்கி, உப்புத்தாள் தேய்த்து, அட்டை அச்சுகளை வைத்து வளைவுகளைச் சரிபார்த்தார்கள்.

அளவு 1:72. இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. 35 அடி தள்ளி வைத்த மாதிரி, ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் நிஜ விமானத்தின் அளவில் கண்ணுக்குத் தெரியும். 12 மீட்டர் இறக்கை விரிவு கொண்ட ஜப்பானிய ஜீரோ, ஏறத்தாழ 17 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். பூச்சு கறுப்பு மட்டுமே. சின்னமோ எண்ணோ கிடையாது. தூரத்தில் அவை தெரியப்போவதில்லை, உருவம்தான் தெரியும்.

அதனால் இந்த மாதிரிகளைச் சேகரிப்பவர்கள் இறக்கை உடலோடு சேரும் கோணத்தையும் வாலின் வளைவையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய கறுப்பை உரித்துப் புது வண்ணம் அடிப்பது பெரும் இழப்பு. ஏதோ ஒரு மாணவனின் கைவேலை அதோடு போய்விடும். மரத்துக்குப் பின் வந்த செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் மாதிரிகள் காலப்போக்கில் சுருங்கி முறுக்கிக்கொள்கின்றன. மரம் வெடிக்கலாம், இறக்கை நுனி உடையலாம். ஆனாலும் நன்றாக உலர்ந்த மரத்தில் செய்தது வடிவம் மாறாமல் நிற்கிறது.

மேசைமேல் வைக்கும் வண்ண மாதிரிகளின் கதை வேறு. பிலிப்பைன்ஸின் ஆஞ்சலஸ் நகரை ஒட்டி, கிளார்க் என்ற அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்தது. ஊர் திரும்பும் விமானிகள் தாங்கள் ஓட்டிய விமானத்தை, படைப்பிரிவின் சின்னத்தோடும் வால் எண்ணோடும் மஹோகனி மரத்தில் செதுக்கச் சொல்லி உள்ளூர்ப் பட்டறைகளில் வாங்கிப் போவார்கள். 1991இல் அருகிலிருந்த பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அவ்வாண்டே அமெரிக்கர்கள் கிளார்க்கை விட்டு வெளியேறினார்கள். பிலிப்பைன்ஸ் பட்டறைகளோ, புகைப்படத்தைப் பார்த்தே விமானம் செதுக்கி, கடல் கடந்து இன்றும் அனுப்பிக்கொண்டிருக்கின்றன.