ஆர்ஸ் கிராமத்தின் கோடை நாட்கள்

பிரான்ஸின் லியோன் நகருக்கு வடக்கே உள்ள ஆர்ஸ் ஒரு குக்கிராமம். 1818-இல் ஜான் மரிய வியான்னி அங்கே பங்குத்தந்தையாக வந்தபோது, ஊரில் ஏறத்தாழ 230 பேர்தான் இருந்தார்கள். லத்தீன் மொழியோடு மல்லாடி, பெரும்பாடுபட்டுக் குருப்பட்டம் பெற்றவர் அவர்.

அந்த எளிய மனிதரிடம் மனம்விட்டுப் பேச, பின்னாளில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் வரிசையில் காத்துக் கிடந்தார்கள்.

கோடை வந்தால் கூட்டம் பெருகும். குளிர்காலத்தில் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் பாவசங்கீர்த்தனம் கேட்டவர், கோடையில் 16 மணி நேரம் வரை கேட்டார். நள்ளிரவு தாண்டியதுமே கோயிலுக்குப் போய்விடுவார். காற்றோட்டமில்லாத சிறு மரக்கூண்டில், கனத்த அங்கியோடு அமர்ந்திருப்பார். காலையில் திருப்பலி, 11 மணிக்கு மறைக்கல்வி, நோயாளிகளைப் பார்த்து வருதல், மறுபடியும் அதே கூண்டு. உணவு? பெரும்பாலும் அவித்த உருளைக்கிழங்கு.

இத்தனைக்கும், தனிமையில் செபிக்க ஏங்கி ஊரைவிட்டே போய்விட முயன்றவர் அவர். அதுவும் ஒருமுறை அல்ல. ஒவ்வொரு முறையும் மக்களுக்காகத் திரும்பி வந்தார் என்பதுதான் நெஞ்சைத் தொடுகிறது.

1859 ஜூலையில் கடும் வெயில். மாதக் கடைசியில் ஒருநாள், வழக்கம்போல் கூண்டில் அமர்ந்து எழுந்தவர், மறுநாள் படுக்கையை விட்டு எழவில்லை. ஆகஸ்ட் 4 அதிகாலை உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 73.

1925-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட வியான்னி, இன்று பங்குத்தந்தையரின் பாதுகாவலர். ஆகஸ்ட் 4 அவரது திருநாள்.