அறுவடைக் காலத்துக் காற்று

ஆஸ்த்மா உள்ள குழந்தைக்குக் குளிரும் ஈரமுமே சத்துருக்கள் என்று பெற்றோர் பலர் நம்புகின்றனர். ஆனால் அமெரிக்காவின் மின்னஸோட்டா மாகாணத்துச் சமவெளிகளில், பயிர் முற்றி, ஆகாயம் தெளிந்து, உலர்ந்த காற்று வீசும் ஆகஸ்டு மாதத்துப் பிற்பகல்தான், விளையாடுவதற்கென்றே அமைந்ததுபோல் தோன்றினும், குழந்தைகள் சிலருக்கு அபாயகரமான வேளையாகிவிடுகிறது.

காரணம், ஆல்டர்னேரியா என்னும் பூஞ்சை. வாடிய இலைகளிலும் தானியக் கதிர்களிலும் கரிய மாசாகப் படரும் இது, பீமனுடைய கதாயுதத்தைப்போல் ஒரு முனை பருத்த வித்துக்களைச் சங்கிலியாகக் கோத்து வளர்க்கிறது. காற்று உலர்ந்து வேகங்கொண்டதும், அல்லது அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியதும், அச்சங்கிலிகள் அறுந்து வித்துக்கள் ஆகாயமெங்கும் பரவுகின்றன. நாய்க்குடை முதலியவற்றின் வித்துக்களோ ஈரத்தை நாடுபவை. இரவிலும் விடியலிலுமே மிகுதியாக வெளிப்படுகின்றன. ஆகவே, 'பூஞ்சைக் காலம்' என்று ஒன்றைப் பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எந்தப் பூஞ்சை என்பதே கேள்வி.

ஆல்டர்னேரியாவின் முழு வித்து பெரியதாகையால் பெரும்பாலும் மூக்கிலும் மேல் சுவாசப் பாதையிலும் தங்கிவிடும். அதன் நுண்ணிய சிதறல்களோ ஆழத்துக்குச் செல்ல வல்லவை. அதன் புரதங்களுக்கு எதிராக ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருளை முன்னமே உண்டாக்கி வைத்திருக்கும் உடலில், அவை பட்ட மாத்திரத்தில் ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் சுரந்து, சுவாசக் குழாய்த் தசைகள் சுருங்கி, உட்சவ்வு வீங்கி, சளி பெருகுகிறது. போதாக்குறைக்கு, இப்பூஞ்சையின் நொதிகள் அச்சவ்வின் காவலையே அரிக்கின்றன. குழந்தையின் குழாய் இயல்பிலேயே குறுகலானது. சிறு வீக்கமும் அதைப் பெரிதும் அடைத்துவிடும்.

மின்னஸோட்டாவில் உள்ள மேயோ மருத்துவ நிலையத்தார் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதன் உக்கிரத்தை உணர்த்திற்று. 11 முதல் 25 வயது வரையுள்ள, ஆஸ்த்மாவினால் திடீரென மூச்சே நின்றுபோன 11 பேரில் 10 பேருக்கு ஆல்டர்னேரியா ஒவ்வாமை இருந்தது. அவ்வாறு நேராத ஆஸ்த்மா நோயாளிகளில் நூற்றுக்கு 31 பேருக்கே அது காணப்பட்டது. பதினொருவரில் இருவர் மாண்டனர். சிறிய எண்ணிக்கைதான்; எனினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

வெளிக்காற்றை வடிகட்டி வாழ ஒருவராலும் இயலாது. ஆனால் கோடையின் இறுதியில் ஆண்டுதோறும் மூச்சிரைப்பு மிகும் குழந்தைக்குத் தோல் பரிசோதனை செய்வித்துக் காரணத்தை அறிதலும், அப்பருவத்தில் அறுவடை வயல்களிலிருந்து அதை விலக்கி வைத்தலும் இயலும். மருத்துவர் விதித்த தடுப்பு மருந்தை, குழந்தை சுகமாயிருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் பெற்றோர் தாமே நிறுத்திவிட வேண்டாம்.