மருத்துவரிடம் மனம் திறந்து பேசுவோம்

இரத்த அழுத்தத்தைக் கருவி அளந்து காட்டும். நோயாளியின் அச்சத்தையோ மருத்துவரின் ஐயத்தையோ கருவி காட்டுவதில்லை. அவற்றை அறிய, இருவரின் அனுபவங்களையும் கேட்டு ஆராய்தல் வேண்டும். இதனைப் பண்புசார் ஆய்வு என்பர்.

இலண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்னும் மருத்துவ அறிஞர், குடும்ப மருத்துவர்களைக் கூட்டி அவர்தம் அனுபவங்களை எடுத்துரைக்கச் செய்தார். மருத்துவரே நோயாளிக்கு ஒரு மருந்தாகிறார் என்று 1957ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அவர் விளக்கினார். அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் ஆகியோர் 74 சந்திப்புகளின் உரையாடல்களை ஆராய்ந்து 1984ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளி பேசத் தொடங்கிய 18 விநாடிகளில், சராசரியாக, மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். முதலில் சொல்லப்படும் குறையே முக்கியமானது என்று கொள்வதற்கில்லை என்பதும் புலனாயிற்று.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பூச்சிமருந்து தெளிப்பவர் ஒருவருக்குத் தலை சுற்றுவதாகக் கொள்வோம். "தலைவலி" என்று மட்டும் அவர் சொன்னால், மாத்திரையோடு திரும்பக்கூடும். காரணம் மறைந்தே இருக்கும். "நேற்று மருந்து தெளித்தேன், பிறகுதான் தலை சுற்றியது" என்று சொன்னால் சிகிச்சையின் போக்கே மாறும். ரப்பர்த் தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் நம்மவர்க்கும் இது பொருந்தும்.

ஆகவே, செய்யும் வேலை, நோய் தொடங்கிய நாள், உட்கொள்ளும் நாட்டு மருந்து, மனத்திலுள்ள அச்சம் ஆகியவற்றை மறைக்காமல் கூறுவோம். மலாய்மொழியில் விளக்க இயலாவிடில், மொழியறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். "இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், டாக்டர்" என்று கேட்கத் தயங்க வேண்டாம். சொல்லாமல் விட்ட அந்த ஒன்றிலேயே நோயின் காரணம் இருக்கலாம்.